பவர் பத்திரம் வேண்டாம்

சித்தூர்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள நாகபூஷணத்துக்கு முனுசாமி சொல்லி எழுதுவது.

நான் இருக்கிறேன். நீ நலம் என்று உன் மருமகள் பிரித்திகா போனில் சொல்கிறாள். உனக்குக் காது அடைத்துப்போன பிறகு அவள் சொல்வதைத்தான் உன் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் உனக்குக் கேட்காது, எழுதலாம் என்றால் எனக்கு எழுத்து தெரியாது. அதனால் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் டைப் அடிக்கும் மஞ்சுவை உட்கார வைத்திருக்கிறேன். நகரி நெசவுக்காரர் வீட்டுப் பெண், தமிழ் எழுதுவாள். “தாத்தா, சுருக்கா சொல்லு, கஸ்டமரு நின்னுக்கினு இருக்காங்க” என்கிறாள். நிற்கட்டும்.

உன் வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. புத்தலப்பட்டுப் பள்ளிக்கூடத்து வாத்தியார், சுதீர் என்று பெயர். மனைவியோடு மூன்று தடவை வந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை அந்தம்மா வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். விலை நாற்பத்தாறு லட்சம். இந்த விலையை உன் மகன் கிஷோரிடம் இன்னும் சொல்லவில்லை. வீடு உன் பெயரில் இருக்கிறது. உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

காரணம் இருக்கிறது. போன மாதம் அவன் போன் பண்ணினான். “மாமா, நாப்பது லட்சம் எங்க கையில குடுத்துடுங்க. அதுக்கு மேல எவ்ளோ வந்தாலும் நீங்களே வெச்சிக்குங்க. நைனாவை அலைய வைக்க வேணாம். நான் பவர் எழுதி வாங்கிக்கினு அவருக்குப் பதிலா ஒரே நாள்ல வந்து முடிச்சிட்டுப் போறேன்” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் கம்பெனியில் லீவு கிடைப்பது கஷ்டம்.

எங்கள் புரோக்கர் தொழிலில் இப்படி ஒரு முறை உண்டுதான். நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடி மாதம். பாலசமுத்திரத்து நர்சம்மா ஒருத்தி, தொண்ணூறாயிரம் கையில் வந்தால் போதும் என்றாள். நான் ஒரு லட்சத்துப் பதினைந்துக்கு முடித்தேன். கிரயம் ஆன அன்று டீக்கடையில் வாங்கினவர் வாய் தவறி விலையைச் சொல்லிவிட்டார். அந்தம்மா சண்டை போடவில்லை. “என் வூட்டு வெல எனக்கே தெரியாம போச்சா முனுசாமி?” என்று மட்டும் கேட்டாள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இந்த முப்பத்துச் சொச்சம் வருஷமும் இரண்டு பர்சன்ட் கமிஷன்தான்.

அந்த இரண்டு பர்சன்ட்டுக்கே பிரித்திகா, “கதவத் தொறந்து காட்டறதுக்கா மாமா எம்பதாயிரம்?” என்று சிரித்தாள். சின்னப் பெண், அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நாற்பது பேருக்கு என் பஸ் காசில் போய்க் காட்டுவேன். முப்பத்தொன்பது பேர் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள். நாற்பதாவது ஆள் ரேகை வைத்து வெளியே வந்ததும் வாங்கினவர் ஒரு கவர், விற்றவர் ஒரு கவர் கொடுப்பார்கள். எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. அதனால்தான் அட்வான்ஸ் கைமாறும்வரை இரண்டு பேரையும் நேரில் பார்க்கவே விடமாட்டோம். ஆனால் உன் விஷயத்தில் நானே உன்னை வரச்சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி சொல்லப்போவதை நீ மட்டும் படி.

சுதீருக்குப் பவர் பத்திரத்தில் ஆட்சேபணையே இல்லை. “எங்க மாமனாரு வூடுகூட பவர்ல வாங்குனதுதான் பெரியவரே” என்றார். நான்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வேணாம் சார். வூட்டுக்கு சொந்தக்காரரே வந்து கையெழுத்து போடணும்னு கண்டிஷனா கேளுங்க. பின்னால தொல்ல வராது” என்று சொல்லிக்கொடுத்தேன். பாவம், வாத்தியார் நம்பிவிட்டார். இப்போது என்னைவிடப் பிடிவாதமாக இருக்கிறார். கிஷோரிடம், பார்ட்டி பவர் வேண்டாம் என்கிறது என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்மேல் வருத்தம்.

இது மட்டும் இல்லை. சுதீருக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தரிடம், மழை பெய்தால் தெருத் தண்ணீர் வாசல்வரை வரும் என்றேன். இன்னொருத்தரிடம் மேற்குச் சுவர் விரிசலைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். இரண்டும் உண்மைதான். ஆனால் எந்த புரோக்கரும் கேட்காமல் அதைச் சொல்ல மாட்டான். அவர்கள் போன பிறகு வீட்டைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மஞ்சு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா.

வெள்ளிக்கிழமைதோறும் போய் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். உன் கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம்வரை இருந்துவிட்டு வருவேன். எனக்கு வேறே போக்கிடம் கிடையாது என்று நினைத்துக்கொள்ளாதே. கடைக்காரர்களெல்லாம் என்னிடம் பேசத்தான் செய்கிறார்கள். கிரயம் ஆனால் சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட வேண்டும். அது சரிதான். பிள்ளைகுட்டி இருக்கிற குடும்பம், வீடு நன்றாக இருக்கும்.

நீ இருக்கிற திருப்பதியில் இருந்து இங்கே இரண்டு மணி நேரம்தான். நீ போய் இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. உனக்குக் கால் சரியில்லை என்று தெரியும். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மூன்றே படி, நேற்று ஏறி இறங்கிப் பார்த்தேன், கைப்பிடி இருக்கிறது. பஸ் வேண்டாம், கார் பேசிக்கொள், அந்தச் செலவு என்னுடையது. உன் பக்கத்துக் கமிஷனை நீ கொடுத்தாலும் வாங்கமாட்டேன். வாத்தியார் பக்கத்தில் வருவது எனக்குப் போதும். சாதம் மஞ்சு வீட்டில் சொல்லிவிடுகிறேன். நீ பேச வேண்டியதில்லை, எனக்காகக் கத்தவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உடம்பு முடியவே முடியாது என்றால் பவரில் கையெழுத்துப் போட்டுக் கிஷோரிடம் கொடுத்துவிடு. வாத்தியாரிடம் நானே சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கிறேன். நாற்பத்தாறில் ஒரு ரூபாய் குறையாமல் உன் கணக்குக்கு வரும். விலையைக் கேட்டு வாங்கிக்கொள். என்மேல் கோபம் வைக்காதே.

இதோடு ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன். மேலே என் விலாசத்தை மஞ்சு எழுதிவிட்டாள். பின்பக்கம் காலி. கிரயத் தேதியையும் பத்திரத்தில் காலியாகத்தான் விட்டிருக்கிறாள். நீ எதுவும் எழுத வேண்டாம், வருகிற தேதியை மட்டும் போடு. நம்பர் எனக்குத் தெரியும், இன்னொருத்தரைக் கேட்காமல் நானே பார்த்துக்கொள்வேன். வர முடியாதென்றால் ஒரு சைபர் போட்டு அனுப்பு.

நீயும் உன் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். குளிர்க் காற்றில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்காதே.

இப்படிக்கு
முனுசாமி
(இடது பெருவிரல் ரேகை)