அரசியார் காத்த வலையில் ஏழு பந்துகள்

மழை பிழையாது பொழிக. மன்றில் பந்து நில்லாது உருள்க. வெண்குருகு நாடுடைய பெருமாட்டி எழினி நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி, பந்தாட்ட மன்றத்து அமைச்சர் நெடும்புகழ்ப் பிரமராயர் கண்டு தெளிய வரைந்த ஓலை. தங்கள் குடியும் முழங்கால்களும் நலம் பெறுக.

அரசியார் ஆளும் எட்டு நாட்டுப் பெண்டிர் அணிகளும் தம் மண்ணில் ஒருமுறை, எதிரி மண்ணில் ஒருமுறை என ஒன்றோடொன்று பொருத வேண்டும் என்பதும், கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அங்கே முதல் வந்த அணி மேலேற வேண்டும் என்பதும் தாங்களே வகுத்த முறை. தலைநகர் அணிக்கு அரசியாரே வலைகாத்து நின்றார். தலைநகர் ஆட்டங்களில் ஒரு பந்தும் அவரைக் கடக்கவில்லை. திருமுன் காலுயர்த்தலாகாது என்ற அரண்மனை வழக்கத்துக்கு அஞ்சி, வந்தவரெல்லாம் வலைமுன் பந்தை நிறுத்தி, கைகூப்பித் திரும்பினர். பாவம், அரசியாரோ, வந்தவர்கள் தம் பார்வையின் கூர்மைக்கே அஞ்சினர் என்று பூரித்துப்போனார்.

பிறகு அவர் உவர்க்கழி நாட்டுக்கு ஆடப் போனார். அங்கே அணித்தலைவி சடைச்சி, உப்பளத்தில் வேலை செய்பவள், வலைமுன் வந்தாள், குனிந்து வணங்கினாள், நிமிர்ந்தாள், ஓங்கி உதைத்தாள். இப்படி ஏழு வணக்கம், ஏழு கோல். ஏழாவதைத் தடுக்கப் பாய்ந்த அரசியார் மூக்குத்தி வரை சேறாகி எழுந்தார். முதலில் அழுகை வந்தது. அடுத்து, முடிசூட்டிய நாளிலும் வராத சிரிப்பு வந்தது.

தாங்களோ அவ்வாட்டம் செல்லாது என்றும், சடைச்சி இனி எந்த மன்றிலும் பந்தைத் தொடலாகாது என்றும் ஆணையிட்டீர்கள். வணங்கியது அரசியாருக்கு, உதைத்தது தன் ஊருக்கு என்று அவள் விண்ணப்பித்ததாகவும், அதைக் கேட்டுத் தாங்கள் தலைப்பாகையைச் சொறிந்ததாகவும் அரசியார் செவிக்கு எட்டியது.

ஆகவே கட்டளை: சடைச்சி மீதான தடை நீங்குக. ஏழு கோலும் நிலைக்க. தலைநகரில் பிறர் கும்பிட்டுத் தோற்ற ஆட்டங்கள் மீண்டும் நடைபெறுக. வணக்கம் ஆட்டத்துக்கு முன் ஒருமுறை போதும். அதனால் அரசியாரின் அணி இறங்கினால் இறங்கட்டும். கீழ்ப்பிரிவுக்கு மேற்பிரிவு என்று பெயர் மாற்றும் யோசனை தங்களுக்கு வரும், வேண்டாம்.

இறங்காதிருக்க அரசியாருக்குப் பயிற்சி வேண்டும். நாளை விடியலில் தாங்கள் அரண்மனை முற்றத்துக்கு வந்து, அவர் காக்கும் வலையை நோக்கி உதைக்க வேண்டும். மெல்ல உதைத்தால் பதவி போகும்.

இதற்குக் குருகு இலச்சினையோடு அரசியாரின் சேற்றுக்கையும் பதிந்தது. கைகூப்பிக்கொண்டு வர வேண்டாம். பந்தைச் சுமந்துவரக் கை வேண்டும்.