வாட்ச் கட்டுற கைப் பக்கம்

மார்ச் 4

என் அருமை மருமகள் வாலுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். டிவியில் உன் பெயர் ஓடும், நீ வரையும் இளவரசியைப் பார்க்கப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வரும் என்று, உனக்கு முதல் பல் விழுந்த அன்றே சொல்லிவிட்டேன். உன் அம்மா சாட்சி. என் தங்கைக்கு ஞாபகம் இல்லை என்றால் அது என் குற்றமா?

இங்கே உன் இளவரசி சக்கைப்போடு போடுகிறாள். நான் லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தில் ஒரு பொடிசு என் பையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "கோபுரத்துல மாட்டிக்கிட்டா இளவரசன் வர்ற வரைக்கும் அழுதுட்டு இருக்க முடியாது மாமா. ஸ்பானர் குடுங்க" என்றாள். அந்த இளவரசி என் மருமகள் பெற்றது என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை.

எப்படி நம்புவாள்? ஞாயிற்றுக்கிழமை பேட்டியில் சோபாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உன் அப்பா அல்லவா! "ஆறு வயசுல லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். கதவுக்கு வெளியே நின்னு அப்பா சொல்லச் சொல்ல நானே திறந்தேன். என் இளவரசி அங்கதான் பிறந்தா" என்றாய். மாப்பிள்ளை புதுச்சட்டையில் தலையை ஆட்டினார் பார், எனக்கு வயிறு எரிந்தது. அத்தை தண்ணீர் கொடுத்தாள். அணையவில்லை.

பத்தாவது மாடி உயரத்தில் அந்தரத்தில் ஆடிய லிஃப்ட் அது. கீழே ஐந்நூறு பேர் கூடிவிட்டார்கள். முப்பத்தொரு வருடமாக லிஃப்டோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அந்தப் பேட்டியில் ஒரு ஓரத்தில்கூட இடமில்லை. இருக்கட்டும். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

உன் தாய்மாமன்,
லிஃப்ட் டாக்டர்


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? நம் கட்டடத்துக்கு மாடியே நாலு. மீதி ஆறை எப்போது கட்டினீர்கள்?

கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தானே! "நான் மொட்டைமாடி மெஷின் ரூம்ல இருந்தேன்டி, வெளியே நின்னு பேசுனது உங்கப்பா" என்று என் பிறந்தநாள் தவறாமல் சொல்வீர்களே. நீங்கள் சொன்னதைத்தான் நான் டிவியில் சொன்னேன்.

இந்தத் தொடரின் கடைசிக் கதையில் இளவரசியைக் கோபுரத்தில் பூட்டிவிடுகிறார்கள். கதவுக்கு வெளியே ஒரு குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரல் கதவைத் திறக்காது, வழி மட்டும் சொல்லும். திறப்பவள் அவள்தான். அந்தக் குரலை அப்பாவையே பேச வைக்கலாம் என்கிறார் டைரக்டர். இருபத்தெட்டாம் தேதி ரெக்கார்டிங். அப்பா இப்போதே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்கிறார். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு


மார்ச் 17

மருமகளே,

கண்ணாடி முன்னால் ஒத்திகையா! ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மனிதருக்கு இளவரசிக்கு வழி சொல்லும் வேலை. பேஷ். நான் பொறாமைப்படுகிறேன் என்று அத்தை சொல்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குப் பொறாமைப்படவெல்லாம் எங்கே தெரியும்?

உன் கதையில் டிராகன் ஏதாவது இருந்தால் சொல். அதற்காவது என் குரல் எடுபடுமா என்று கேட்டுப் பார். இருமல் வேறு இருக்கிறது, சுலபமாக வரும்.

மாமன்


மார்ச் 22

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று ஸ்டூடியோவில் அப்பாவுக்கு ஒத்திகை. அன்று லிஃப்டுக்குள் என் காதில் விழுந்ததை அப்படியே வசனமாக எழுதியிருந்தேன்: "பயப்படாத. கதவுக்கு அடியில கொக்கி இருக்கும். வாட்ச் கட்டுற கைப் பக்கம் தள்ளு."

அப்பா அங்கேயே நிறுத்திவிட்டார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ இடது பக்கமா? இப்படி யாரும்மா பேசுவா?" என்றார்.

மாமா, அந்தக் கொக்கியை நான் வலது பக்கம் தள்ளினேன். அதனால்தான் திறந்தது. வலது கையில் வாட்ச் கட்டுகிற ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். இடது வலது குழம்புகிறவர் அவர். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்த வாட்ச் வாரை நோண்டிக்கொண்டே நடப்பேன்.

ரெக்கார்டிங்குக்குள் எனக்குத் தெரிய வேண்டும். வெளியே நின்றது யார்? ஜிகினா ஒட்டாமல் எழுதுங்கள்.

வாலு


மார்ச் 25

வாலு,

ஜிகினா ஒட்டி மூன்று தாள் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

அன்று உன் பிறந்தநாள். கேக் வெட்ட வந்துவிடுகிறேன் என்ற மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை முடியவில்லை. மறுநாள்தான் வந்தார். நீ ஒவ்வொரு முறை லிஃப்ட் சத்தம் கேட்கும்போதும் ஓடி ஓடிப் பார்த்தாய். அப்படி ஓடித்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டாய். திறந்து வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் தேடினாய். "அப்பாதானே மாமா பேசுனாரு?" என்றாய்.

எனக்கு வாயைத் திறந்தால் நூறு வார்த்தை கொட்டும். அன்றைக்கு ஒன்றுதான் வந்தது. ஆமாம் என்றேன். அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் அப்பா உடனே வேலைக்கு ஓடிவிட்டார் என்றேன், மொட்டைமாடியில் மெஷின் ரூம் கட்டினேன். நம் கட்டடத்தில் அது இருந்தது தரைத்தளத்தில். மாப்பிள்ளையையும் மறுக்க விடவில்லை, அவரைக் கோபிக்காதே. தூக்கிக் கொடுத்ததும் நான், கொடுத்ததைப் பார்த்து இத்தனை வருடம் எரிந்ததும் நான்.

இருபத்தெட்டாம் தேதி யார் பேசுவது என்பது உன் இஷ்டம். அப்பாதான் என்றால் வாட்சை வலது கைக்கு மாற்றிக் கட்டிவிடு. மாமன் என்றால், சட்டை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறது என்று அத்தை எழுதச் சொல்கிறாள்.

லிஃப்ட் நின்றது நிஜம். கொக்கி நிஜம். கதவைத் திறந்தது நீ, அதில் துளி ஜிகினா இல்லை. வெளியே உன் அப்பா நின்றார் என்ற ஒன்று மட்டும் என் கைச்சரக்கு.

மாமா