விழுந்தால் வா, ஜிகிரி

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற மெஷினில் கருவாட்டு வாடை அடிக்கிறதாம். இன்று காலை ஒரு பெரியவர் கட்டைவிரலை வைத்து எடுத்து, மோந்து பார்த்துவிட்டு, இந்த மாதம் சர்க்கரையோடு கருவாடும் போடுகிறீர்களா என்று கேட்டார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். மெஷின் மேல் குற்றமில்லை. என் கைப்பையில் உப்பு போக ஊறவைத்து, வெறும் சட்டியில் வறுத்த நெத்திலிக் கருவாடு இருக்கிறது. நீ செய்த மாதிரியேதான் செய்கிறேன். மீன்காரி மேல் வாடை அடித்தால் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். பில் போடுகிறவள் மேல் அடித்தால் மேலே புகார் எழுதுவேன் என்கிறார்கள். எழுதட்டும்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. முந்தாநாள் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் முதலிலிருந்துதான் வருவேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன், பொறுத்துக்கொள். செத்தவளுக்கு என்ன அவசரம்.

காசிமேட்டில் ஏலம் முடிந்து நீ வந்து இறங்கிய ஆட்டோவில், மீன் கூடைக்கும் உன் காலுக்கும் நடுவில் ஒரு பழுப்பு நாய்க்குட்டி குந்தியிருந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. ஜிகிரி என்று பேர் வைத்தாய். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் உன் போனில் ஒரு வீடியோ காட்டியிருந்தாய். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பெண் நடக்கிறாள், அவள் இடது காலோரம் ஒரு நாய் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தபடியே ஆடிக்கொண்டு நடக்கிறது. கயிறு கிடையாது. “ஒலகத்துல எந்தப் புருசனாவது பொண்டாட்டிய இப்டி பாத்துகினு நடந்துகிறானா?” என்று கேட்டாய். அன்றைக்குப் பிடித்தது உனக்கு அந்தப் பைத்தியம். நாய்களுக்கு இப்படிக் கீழ்ப்படியும் போட்டி வைக்கிறார்கள், நம் ஊரிலேயே வைக்கிறார்கள், நாட்டு நாயையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாய்.

எர்ணாவூர் குடியிருப்புக்குப் பின்னால், கடல் அரிக்காமலிருக்கக் கல் கொட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற பொட்டல்தான் நம் மைதானம். எந்நேரமும் துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்திருக்கும். சாயந்திரம் நீ வியாபாரம் முடித்து வருவாய், நான் கடையைப் பூட்டிக்கொண்டு வருவேன். ஆரம்பத்தில் ஒரு நாள் ஜிகிரி சொன்னதைக் கேட்கவில்லை என்று நான் ஒரு குச்சியை எடுத்தேன். பிடுங்கி எறிந்தாய். “அடிச்சா செய்யும்டி. ஆனா மூஞ்சிய பாத்து செய்யாது” என்றாய். ஒரு காரியத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, முதல் துண்டைச் செய்தாலே கல்யாணத்தில் மாலை மாற்றிய மாதிரி கொண்டாடுவாய். தலையைத் திருப்பினால் ஒரு நெத்திலி, ஒரு அடி வந்தால் ஒரு நெத்திலி, குதித்துக் குதித்து ஒரு பாராட்டு. என்னையும் அப்படிக் குதிக்கச் சொன்னாய். எனக்கு வரவில்லை. “உன் கொரலு இன்னாடி, அரிசி இல்லன்னு சொல்ற மாதிரியே கீது” என்று திட்டித் திட்டித்தான் என் தொண்டையிலிருந்து அந்தக் குரலை வெளியே இழுத்தாய். நாற்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள் பொட்டலில் கிறீச்சிட்டுக் குதித்தோம். அந்தச் சாயந்திரங்களைப்போல நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

போட்டிக்குப் போனோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் காரில் வந்து, குடை விரித்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாம் இரண்டு பேரும் நாயை ஏற்றமாட்டேன் என்ற ஷேர் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டு, ஜிகிரியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். நடையில் அதை அடிக்க ஆளில்லை. பிறகு நாய்களை வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டிய கட்டம் வந்தது. அப்போது நாற்காலி தூக்கிப்போன ஒருவர் கால் தடுக்கிக் குப்புற விழுந்தார். மற்ற நாய்கள் அசையவில்லை. நம் ஜிகிரி எழுந்து ஓடி, அவர் முகத்தை நக்கிற்று. விழுந்தவரே சிரித்துவிட்டார். நடுவர் நல்ல மனிதர். மனசுள்ள நாயம்மா, ஆனால் இந்தக் கட்டத்துக்கு மார்க் போட முடியாது என்றார்.

திரும்பும்போது ஆட்டோ திருவொற்றியூர் வந்தது. தேரடி தாண்டியதும் சொன்னாய்: “வுழுந்தா போவக்கூடாதுன்னு கத்துக்குடுத்தா போச்சு.”

அதையும் துண்டு துண்டாகத்தான் கற்றுக்கொடுத்தாய். முதலில் நான் குனிந்தேன். ஜிகிரி அசையாமல் படுத்திருந்தால் நெத்திலி. பிறகு உட்கார்ந்தேன், சாய்ந்தேன், படுத்தேன். கடைசியில் தடாலென்று விழுந்து ஐயோ என்று கத்தினேன். நான் வராத நாட்களில் நீயே கூடையோடு விழுவாய். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள் முதல் நாள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். சாமி வந்துவிட்டதா என்று கேட்டார்கள். பிறகு சிரித்தார்கள். அப்புறம் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். ஜிகிரியும் ஓடி வருவதை விட்டது. ஆள் விழ விழ, படுத்த இடத்திலேயே இன்னும் அழுத்திப் படுத்து, வாலை மட்டும் ஆட்டும். அதன் முகத்தில் அப்படியொரு பெருமை இருக்கும். உன் முகத்திலும்தான்.

அன்றைக்குக் கடைக்கு அரிசி லோடு வந்துவிட்டது. என்னால் நேரத்துக்கு வர முடியவில்லை. வேலை முடிந்து நான் பொட்டலுக்கு வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீ ஒருக்களித்துக் கிடந்தாய். ஜிகிரி கொஞ்ச தூரத்தில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வால் ஆடியது. போதும் எழுந்திருடி, இருட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டேதான் உன் பக்கத்தில் வந்தேன். உன் கை சில்லிட்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் ஆட்கள் வந்தார்கள். உன்னைத் தூக்கினார்கள். அவ்வளவு கூச்சலிலும் ஜிகிரி எழுந்திருக்கவில்லை. வால் ஆடி ஆடி, அதற்குப் பின்னால் கரித்தூளெல்லாம் விசிறிபோல் ஒதுங்கி வெறும் மண் தெரிந்தது. எவ்வளவு நேரம் ஆட்டியிருந்தால் அப்படி ஆகும் என்று பார்த்துக்கொள். நீ பழக்கியிருந்த ‘ஆச்சு’ என்கிற சொல்லைச் சொன்னால்தான் அது எழும். நான்தான் சொன்னேன். துள்ளிக் குதித்து ஓடி, உன்னைத் தூக்கிப்போகிறவர்களின் கால்களுக்குள் புகுந்து, உன் இடுப்புச் சுருக்குப்பையை மோந்தது. நன்றாகச் செய்ததற்கு நெத்திலி கேட்டது.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். மாரடைப்பு என்ற டாக்டர், அதை மட்டும் சொல்ல முடியாது என்றார். இன்றுவரை என்னைத் தின்கிற சொல் அதுதான். தண்ணி லாரி வரிசையில் நின்ற ஒருத்தி வாசலில் தலையில் அடித்துக்கொண்டாள். “பாத்தோம்க்கா. தெனம் வுழறது தானேன்னு கொடத்த தூக்கினு போய்ட்டோம்.” நாயை மட்டுமா பழக்கினாய், தெருவையே பழக்கிவிட்டல்லவா போனாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை.

உன் வீட்டுக்காரர் அப்போது விசைப்படகில் நடுக்கடலில் இருந்தார். வயர்லெஸ்ஸில் சொல்லி, மறுநாள்தான் வந்து சேர்ந்தார். ஐஸ் பெட்டியில்தான் உன் முகத்தைப் பார்த்தார். அழவில்லை. யார் யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு ஜிகிரியின் கழுத்தில் படகுக் கயிற்றைக் கட்டினார். மறு கையில் ஒரு சாக்கும் கல்லும் இருந்தன. முகத்துவாரத்துப் பக்கம் நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அது முரண்டு பிடிக்கவில்லை. அவருடைய இடது காலோரம், அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி, நீ கற்றுக்கொடுத்த அந்த நடையில் ஆடிக்கொண்டே போயிற்று. கொல்லக் கொண்டுபோகிறவனோடு அப்படி நடந்த ஒரு பிராணியை நான் பார்த்ததில்லை.

வழியை மறித்து நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. “தெருவுல போற நாயி கூட ஆளு வுழுந்தா கொரைக்கும் தங்கச்சி. இது வால ஆட்டிகினு பாத்துகினு இருந்துச்சாமே” என்றார்.

“அது தப்பு செய்யலண்ணே. அவ சொன்னத்த செஞ்சிச்சு.”

அவர் கீழே பார்த்தார். ஜிகிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது. “இன்னாத்துக்கு என் மூஞ்சியவே பாக்குது?” என்று கேட்டார். அப்படிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றேன். கயிற்றைக் கீழே போட்டார். இதை என் கண்ணில் காட்டாதே என்று சொல்லிவிட்டு, கல்லையும் சாக்கையும் சுமந்தபடியே திரும்பி நடந்தார்.

ஜிகிரியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் முனகினார், பிறகு அவரே சோறு வைத்தார். ஒரு நாள் காலையில் சமையல்கட்டில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி. திரும்பிப் பார்த்தால் ஜிகிரி வாசற்படியில் சட்டென்று படுத்து, வாலை ஆட்டிக்கொண்டு, எப்போது நெத்திலி வரும் என்று என்னைப் பார்க்கிறது. தரையில் கிடந்தபடியே அழுதேன். அன்றைக்கு முடிவெடுத்தேன். இனி இதன் எதிரில் ஒருத்தரும் தனியாகக் கிடந்து சாகக்கூடாது.

நீ கற்றுக்கொடுத்ததை நான் அழிக்கத் தொடங்கினேன். அதே பொட்டலில், நீ கிடந்த இடத்திலேயேதான். அதன் கணக்கில் ஓடி வருவது தப்பு, படுத்திருப்பது சரி. அதனால் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டினாலே கொண்டாடினேன். பிறகு ஒரு கால் எடுத்து வைத்ததற்குக் கொண்டாடினேன். எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதானே. அழுகிற குரலில் கூப்பிட்டால் தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். குஷியான குரல்தான் வேண்டும். உன் உயிர் போன மண்ணில் மல்லாந்து கிடந்துகொண்டு, குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி அதைக் கொஞ்சினேன். முதல் சில வாரம் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். தண்ணி லாரிப் பெண்கள் இப்போது நான் விழும் ஒவ்வொரு முறையும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நெசமா வுழுந்தியாக்கா, சும்மாவா என்று குரல் கொடுக்கிறார்கள். சும்மாதான் என்று சொன்ன பிறகுதான் குடத்தை எடுக்கிறார்கள்.

இப்போது ஜிகிரி வருகிறது. யார் விழுந்தாலும் எழுந்து ஓடி வந்து முகத்தை நக்கிக் குரைக்கிறது. இனி எந்தப் போட்டியிலும் அது ஜெயிக்காது. நீ உயிரைக் கொடுத்து உண்டாக்கியதைத் தெரிந்தேதான் கெடுத்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

முந்தாநாள் உன் வீட்டுக்காரர் பொட்டலுக்கு வந்தார். சில நாட்களாகவே கல் மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான். ஆள் பாதியாகிவிட்டார். கடலுக்கு ஒழுங்காகப் போவதில்லை என்று சொல்கிறார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

“நான் வுழுந்தா வருமா?”

தெரியாதுண்ணே, நீங்கள் அதற்கு ஒரு வாய் சோறு போட்டதில்லையே என்றேன்.  அவர் நேராக நீ கிடந்த இடத்துக்குப் போனார். யாரும் காட்டாமலே அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே போய் ஒருக்களித்து விழுந்தார்.

ஜிகிரி என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாமாகச் சொல்லி வந்தால் அது வந்ததாகாது. எழுந்தது. அவரிடம் அதற்குப் பயம் உண்டு, வயிறு மண்ணில் உரச உரசத்தான் போயிற்று. பக்கத்தில் போய் அவர் காதை மோந்தது. முகத்தை நக்கியது. பிறகு என் பக்கம் திரும்பி ஊரே கேட்கிற மாதிரி குரைத்தது. தண்ணி லாரிப் பக்கம் குடங்கள் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

அவர் கண்ணைத் திறக்காமலே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “அன்னிக்கு எங்கடி போன நீ, அன்னிக்கு எங்க போன” என்று அதன் காதுக்குள் கேட்டார். அடக்கத்தன்றுகூட அழாத மனிதர் உடம்பு குலுங்க அழுதார். அவர் கேட்டது நாயையா, உன்னையா, தன்னையேவா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஜிகிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செய்தது சரியா என்று அதற்குத் தெரிய வேண்டும். செய்த நொடியிலேயே சொல்லிவிட வேண்டும், தாமதித்தால் எதற்குச் சொல்கிறோம் என்று அதற்குப் புரியாது. இப்போது விட்டால் இன்னொரு நாள் இன்னொருவர் விழும்போது அது யோசித்து நிற்கும். எதிரில் ஒரு மனிதர் அழுதுகொண்டிருக்கிறார். இருந்தும், நீ திட்டித் திட்டி எனக்குள்ளிருந்து இழுத்த அந்தக் குரல் வந்துவிட்டது. சபாஷ்டி என் தங்கமே, சூப்பருடி ஜிகிரி என்று கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். நீ எனக்கு விட்டுப்போனது அந்தக் குரல் ஒன்றுதான். அவர் மண்ணில் கிடந்து அழுதுகொண்டே இருந்தார், நான் சபாஷ் சொல்லிக்கொண்டே இருந்தேன்.