கழுவ மனம் வராத பொட்டு

அண்ணி,

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் வந்து சாக்கடை ஓரமாக ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளாக விடாத மழை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆஸ்பத்திரி நாத்தம் நாறுது" என்று திட்டினாள். எனக்கு அது உங்கள் வாசனை. வேலை முடிந்து சாயங்கால வேனில் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது உங்கள் புடவையிலும் முடியிலும் இருந்து வருமே, அதே வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்வீர்கள். அடுப்பில் பால் இருந்ததைக்கூட மறந்து ஜன்னல் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

பாடாலூர் தாண்டி ரோட்டோரம் இருக்கும் கோழிக் கம்பெனியில் நாம் இருவரும் வேலை பார்த்தோம் என்றால், ஏதோ சேர்ந்து உட்கார்ந்து கோழி வெட்டினோம் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். நீங்கள் வெட்டு முடிந்த பிறகு ஹாலைக் கழுவும் பெண்களுக்கு இன்சார்ஜ். நான் லேபில். நீங்கள் கழுவி வைத்த மேஜையிலும் கறி நகர்ந்து போகும் பெல்டிலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதாவது அண்ணன் பெண்டாட்டி கழுவியதில் குறை கண்டுபிடிக்க நாத்தனாருக்குச் சம்பளம். இந்த வாய்ப்பு ஊரில் எந்த நாத்தனாருக்குக் கிடைக்கும் என்று நீங்களே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். என் கணவர் வெளிநாட்டில் இருந்ததால் நான் அம்மா வீட்டில்தான் இருந்தேன். நமக்கு ஒரே அடுப்பு, ஒரே வேன். வீட்டில் நான் உங்களுக்குப் 'பாப்பா'. கம்பெனி கேட்டைத் தாண்டியதும் 'மேடம்'.

புதிதாக வந்த பெண்கள் எல்லோரும் செய்த தவறு ஒன்றுதான். மருந்துத் தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிடுவார்கள். வாசனை தூக்கலாக இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று எண்ணம். நீங்கள் பிரஷ்ஷால் தரையைத் தட்டி நிறுத்துவீர்கள். "அழுக்கு மேல மருந்த ஊத்துனா அழுக்குதாண்டி குளிக்கும்." முதலில் சதைத் துணுக்குகளைத் தள்ள வேண்டும். தண்ணீர் அடித்து, நுரை போட்டு, கையால் தேய்த்து, அலசிய பிறகு கடைசியில்தான் மருந்து. வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குள் கையை விட்டால் வழவழவென்று இருக்குமே, அந்த மாதிரி ஒரு படலத்துக்குள் கிருமி பதுங்கிக்கொள்ளும். தேய்க்காமல் அது போகாது. இதை நான் உங்களுக்குச் சொன்னேனா, நீங்கள் எனக்குச் சொன்னீர்களா என்று நமக்குள் கடைசிவரை தகராறு தீரவில்லை.

ஒரு வருஷம் புரட்டாசியில் வழக்கம்போல வேலை மந்தம். பாதி ஜனம் கறி தொடாத மாதம். ஆயுத பூஜைக்கு ஹாலில் இருந்த மெஷின் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். பொரி, கடலை, வாழைக்கன்று, எல்லாம் உண்டு. மறுநாள் காலை வெட்டு தொடங்கும் முன் அத்தனை பொட்டையும் தண்ணீர் அடித்துக் கழுவியாக வேண்டும் என்பது கம்பெனி சட்டம். கழுவவும் கழுவினீர்கள். ஆனால் அதற்குப் பிறகு நடு பெல்டின் கடைசி முனையில் நான் எடுத்த குச்சி மட்டும் தவறாமல் பெயில். அதுவும் சாதாரணக் கிருமி இல்லை. சின்னப் பிள்ளைகளை வாந்தியும் பேதியுமாகப் படுக்கப் போடும் ஜாதி.

முதல் தடவை நீங்கள் என் மேல்தான் பாய்ந்தீர்கள். "ஒங்க குச்சியிலதான் என்னமோ இருக்கு மேடம்." புதுக் கட்டுப் பிரித்து உங்கள் கண்ணெதிரேயே எடுத்தேன். அதுவும் பெயில். அடுத்த நாள் மருந்தின் அளவைக் கூட்டினீர்கள். பெண்கள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஹாலுக்கு வெளியே ஓடினார்கள். கிருமி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

மேனேஜர் பொல்லாதவர் அல்ல. அவருக்கும் மேலே ஆள் இருந்தது. தீபாவளி ஆர்டர் வேறு வந்துகொண்டிருந்தது. இனி ஒரு தடவை பெயில் ஆனால் கழுவும் வேலையை வெளியூர் காண்டிராக்டரிடம் கொடுத்துவிடுவோம், உங்கள் ஆட்கள் ஒருவரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடு பெல்ட் செல்வியின் பொறுப்பு. மீன்சுருட்டியிலிருந்து பாடாலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செல்வி, புருஷன் கால் ஒடிந்து வீட்டில் கிடக்க, அந்த வேலையை நம்பித்தான் குடும்பத்தை ஓட்டினாள். அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கை சுத்தம் போதாது என்று நீங்களும் நம்பினீர்கள். "சொல்லிச் சொல்லி வாயி வலிச்சதுதான் மிச்சம்" என்று வேனில் முணுமுணுத்தீர்கள்.

அன்று சாப்பிடும்போது அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "குச்சிய ஒரு சாண் தள்ளி வெச்சுத் தேச்சாத்தான் என்ன? ஒங்க அண்ணி வேல போயிட்டா நல்லாருக்குமா?" ஒரு சாண் தள்ளினால் பாஸ் ஆகிவிடும் என்பது அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள்தான், "சும்மா இருங்க அத்தை. அவ வேலைய அவ பாக்கட்டும்" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்காகப் பேசிய அந்த நேரத்தில்தான் நீங்கள் என்மேல் அத்தனை கோபமாக இருந்தீர்கள். அது எனக்குப் புரிந்தது. வலிக்கவும் செய்தது.

மறுநாள் வெட்டு முடிந்ததும் நீங்களே ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பெல்டைக் கழற்றினால்தான் ஆச்சு என்று நின்றீர்கள். மூவருமாக நடு பெல்டின் முனையில் குந்தினோம். பெல்ட் வந்தது. உருளை வந்தது. உருளைக்குப் பின்னால் இருந்த தகட்டு மூடியை ஃபிட்டர் திருகிக் கழற்றித் திருப்பினார். உள்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்பு அடை. மேலே கோழிக் கொழுப்பு படிந்து பளபளத்தது. ஸ்கிரேப்பரால் சுரண்டினேன். அடியில் மஞ்சளும் சிவப்பும் தெரிந்தது.

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பாப்பா, இது நான் வெச்ச பொட்டு."

கம்பெனிக்குள் நீங்கள் என்னைப் பாப்பா என்று அழைத்தது அன்றுதான். கையுறை இல்லாத விரலால் அதை வழித்தீர்கள். வழித்த கை பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "சந்தனம் எப்புடி பாப்பா அழுக்காவும்?" என்று கேட்டீர்கள். சாமி மேல் பூசுகிற பொருளைப் பற்றி என்னிடம் நியாயம் கேட்கிற மாதிரி இருந்தது. "சந்தனம் அழுக்கில்ல அண்ணி. அதுல ஊறுனதுதான் அழுக்கு" என்றேன். பெல்டிலிருந்து சொட்டிய கொழுப்பும் ரத்தத் தண்ணீரும் அந்தச் சந்தனத்தில் ஊறி, மருந்து எட்டாத மூடிக்குள் கிருமி குடும்பம் நடத்தியிருக்கிறது. பெல்ட் ஓடும்போதெல்லாம் அங்கிருந்து கசிந்து முனைக்கு வந்திருக்கிறது.

ஃபிட்டர் இளகிய மனசுக்காரர். "வழிச்சுக் கழுவிட்டுப் பூட்டிடலாங்க்கா. யாருக்குத் தெரியப்போவுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிருமி போய்விடும், குச்சி பாஸ் ஆகிவிடும், எல்லோர் வேலையும் தப்பிக்கும். நீங்கள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"செல்வி வூட்டுல உக்காந்துருக்காளே" என்றீர்கள்.

பூஜைக்குத் துடைக்க மூடியைக் கழற்றியிருந்தபோது ஏன் அதன் உள்பக்கம் பொட்டு வைத்தீர்கள் என்று வேனில் வரும்போதுதான் சொன்னீர்கள். அதற்கு முந்தின வருஷம் ஓடுகிற பெல்டில் உங்கள் கையுறை சிக்கி, கை உருளைக்குள் இழுபடப் போன நேரத்தில் மெஷின் தானாக நின்றுவிட்டதாம். கரண்ட் போனதோ என்னவோ. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அண்ணன் வேலைக்கு அனுப்பமாட்டார் என்று பயம். "கைய விட்டுக் குடுத்த மெஷினு பாப்பா. வெளிய வெச்சா மறுநாளே கழுவிடுவோம். வருஷம் பூரா ஒழைக்குறதுக்கு ஒரே ஒரு பொட்டாவது தங்கட்டுமேன்னு தோணுச்சு." வைத்ததை மறந்துவிடவில்லை. ஆனால் அது அழுக்காகும் என்று உங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. அந்த இடத்தை மனசுக்குள் சாமி மாடமாக வைத்திருந்தீர்கள். மாடத்தில் போய் யார் கிருமியைத் தேடுவார்கள்?

அடுத்த நாள் காலை மேனேஜர் அறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். "சார், அந்தப் பெல்ட்டுல தப்பு செல்வி மேல இல்லீங்க. நான் வெச்ச பொட்டுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். பூஜையன்று அதே மெஷின் முன்னால் கைகூப்பி நின்றவர்தான் அவரும். "ஏம்மா, கழுவியாச்சுல்ல. இத எங்கிட்ட சொல்லணுமா?" என்று வருத்தமாகக் கேட்டார். "செல்விய வரச்சொல்லுங்க சார்" என்பதைத் தவிர உங்களிடம் வேறு பேச்சே இல்லை.

செல்வி வந்தாள். புதிதாக எடுத்த குச்சிகள் பாஸ் ஆயின. காண்டிராக்டர் பேச்சு அத்தோடு நின்றது. உங்கள் இன்சார்ஜ் பதவி மட்டும் போனது. மேனேஜர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய மனிதர், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நீங்கள் பிரஷ் பிடித்து மற்றப் பெண்களோடு பெண்ணாகத் தேய்த்தீர்கள். செல்வி உங்களிடம் பல நாள் பேசவில்லை. தன் பக்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றீர்களே என்ற வருத்தம் அவளுக்கு. அதை நியாயம் என்றே நீங்களும் வைத்துக்கொண்டீர்கள். போய்க் கெஞ்சவில்லை. அவள் பக்கத்து மேஜையைத் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள். ஒருநாள் தன் தூக்குச்சட்டியிலிருந்து புளிச்சோறு எடுத்து உங்கள் தட்டில் வைத்தாள். வேனில் அதைச் சொல்லும்போது நீங்கள் அழுதீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஹாலுக்குள் எந்த மெஷினிலும் பொட்டு இல்லை. கேட்டில் வைத்தார்கள், வேனில் வைத்தார்கள். நீங்கள் மட்டும் கழுவி ஈரம் சொட்டும் நடு பெல்டின் முன்னால், தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாகக் கண்ணை மூடி நின்றீர்கள். ஃபிட்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் மார்பில் வந்த கட்டி. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு நீங்களும் நானும் பஸ்ஸில் போய்வந்த நாட்களை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி மூட்டில் விரலை விட்டுப் பார்த்து, "மேடம், இங்க ஒரு குச்சி போட்டுப் பாருங்க" என்று சிரித்தது மட்டும் போதும். அந்தச் சிரிப்போடு உங்களை நிறுத்திவைத்துக்கொள்கிறேன். மற்றதை நினைத்தால் எனக்குக் கடவுள் மேல் கோபம் வருகிறது.

செல்விதான் இப்போது இன்சார்ஜ். நேற்று மதியம் லேப் கதவைத் தட்டி உள்ளே வந்தாள். "அக்கா, கடைசி மேஜையில கால் மூட்டக் கழட்டாம கழுவிட்டோம். எம் பொறுப்புலதான் வுட்டுப்போச்சு. இன்னிக்கு அங்கயே குச்சி போடுங்க" என்றாள். நான் கண்டுபிடிப்பதற்கு முன்னால், யாரும் கேட்பதற்கு முன்னால் வந்து சொன்னாள். வேலை போய்விடும் என்ற பயம் அவள் முகத்தில் இல்லை. மேனேஜரும் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை, மேஜையைக் கழற்றச் சொன்னார். நான் அங்கேயே குச்சி போட்டேன்.

இப்போது உங்கள் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் வந்து சொல்கிறார்கள், அண்ணி. அவர்கள் பயப்படாமல் சொல்வதால் நானும் பயப்படாமல் குச்சியின் முடிவை எழுதுகிறேன். ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டுமோ என்று எனக்கு இப்போது ராத்திரித் தூக்கம் கெடுவதில்லை. அது நீங்கள் அந்த அறைக்குள் போய் ஒரே மூச்சில் சொன்னதால் வந்தது.

செல்வி வந்து சொன்னதை வீட்டுக்குப் போனதும் முதலில் அண்ணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நேற்று வேனில் வந்தேன். எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நம் தெரு திரும்பும்போதுதான் நீங்கள் இல்லை என்று ஞாபகம் வந்தது.