பதினொருவரில் ஒருவன்

14 ஆகஸ்ட், வியாழன்

மழை. திடல் முழுக்கச் சேறு. பயிற்சி நின்றுவிட்டது. கோச் அஸ்மான் என்னை மட்டும் கூரைக்கு அடியில் கூப்பிட்டார். கல்லூரி கால்பந்து லீக் அக்டோபரில் தொடங்குகிறது. முதல் ஆட்டத்தில் இறங்கப்போகும் பதினொரு பேரையும் சொன்னார். நான் கேப்டன், கோல்கீப்பரும்கூட என்பதால் எனக்கு மட்டும் தெரியலாமாம். 25ஆம் தேதி அவரே அறிவிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. பெயர் இருப்பது தெரிந்தால் பையன்கள் மெத்தனமாகிவிடுவார்களாம்.

காளிதாஸ் இருக்கிறான்! மூன்று வருடமாக பெஞ்சைத் தேய்த்தவன். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவனை இந்த வருடம்தான் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள். அவனுக்கும் எனக்கும் இதுதான் கடைசி சீசன். வெளியே சொல்ல முடியாத சந்தோஷம் வயிற்றில் வாயு மாதிரி. இங்கேயும் குத்துகிறது, அங்கேயும் குத்துகிறது.

16 ஆகஸ்ட், சனி

மாமாக் கடையில் சாப்பிடும்போது காளிதாஸ் நேராகவே கேட்டான்.

"மச்சான், கோச் ஏதாச்சும் சொன்னாரா லா?"

"சொன்னா உங்கிட்ட சொல்ல மாட்டேனா?"

ரொட்டி சானாயைப் பாதியிலேயே தள்ளி வைத்துவிட்டான். பெக்கோக் ஊரிலிருந்து அவன் அம்மா தினமும் போன் செய்து கேட்கிறாராம், இந்த வருடமாவது இறக்குவார்களா என்று. "இந்த வாட்டியும் இல்லன்னா எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்றான்.

நாக்கு நுனி வரை வந்தது. போகட்டும், 25 வந்துவிடப் போகிறது.

20 ஆகஸ்ட், புதன்

காளிதாஸ் பயிற்சிக்கு முதல் ஆளாக வருகிறான், கடைசி ஆளாகப் போகிறான். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

23 ஆகஸ்ட், சனி

எழுதக் கை வரவில்லை.

செனாய் தொழிற்சாலை ஆட்களோடு நட்பு ஆட்டம். இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. நான் பிடிக்க ஓடினேன். எனக்கு முன்னால் காளிதாஸ். "விடு!" என்று கத்தினேன்.

'கீப்பர்' என்றுதான் கத்த வேண்டும், அது கோச் போட்ட சட்டம். பதற்றத்தில் வாயில் வருவது தமிழ்தானே? நான் சொன்னது, பந்தை எனக்கு விடு என்று. ஆனால் அவன் வளர்ந்த எஸ்டேட் திடலில் 'விடு' என்றால் ஓங்கி அடி என்று அர்த்தம். முன்வரிசை ஆட்டக்காரன், எத்தனை வருடம் அந்த 'விடு'வைக் கேட்டு கோல் அடித்திருப்பான்! அவன் காலை வீசினான். நான் முழு உடம்போடு அவன் முட்டி மேல் விழுந்தேன். சத்தம் கேட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

எதுக்குடா தமிழ்ல கத்துன? எதுக்கு?

24 ஆகஸ்ட், ஞாயிறு

முட்டி ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும். இந்த சீசன் அவனுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அம்மா புஷ்பவள்ளி பெக்கோக்கிலிருந்து வந்திருந்தார். "நீ என்னாப்பா பண்ணுவ, வேணும்னா விழுந்த?" என்று எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். அதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

25 ஆகஸ்ட், திங்கள்

கோச் பெயர்களைப் படித்தார். காளிதாஸின் இடத்தில் ரூபேந்திரன். முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது போலப் படித்தார்.

2 செப்டம்பர், செவ்வாய்

ஆபரேஷன் முடிந்ததாம். இனி கூலாயில் அவன் அக்கா பிரவீனா வீட்டில்தான் இருப்பான்.

7 செப்டம்பர், ஞாயிறு

இன்று அங்கே போனேன். அந்த 'விடு'வுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

"எனக்கு நல்லாவே புரிஞ்சிச்சிடா. நீ புடிக்க வர்றன்னு தெரியும். கோச் கோட்டுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு முன்னாடி ஒண்ணு அடிச்சித் தூக்குனா பேரு போடுவாருன்னு நெனச்சேன்."

பிறகு கேட்டான்: "உண்மைய சொல்லு. என் பேரு இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால், அந்தப் பந்துக்கு அவன் போயிருக்கவே வேண்டாம் என்று ஆகிவிடும். மாமாக் கடையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இன்றைக்குத் திடலில் ஓடிக்கொண்டிருப்பான்.

"இல்லடா. ரூபேந்திரன்தான்னு முன்னாலயே முடிவு பண்ணிட்டாரு."

கட்டுப் போட்டிருந்த முட்டியைத் தடவிக்கொண்டான். "அப்ப சரி லா. முயற்சி பண்ணோம்னாவது இருக்கும்."

அவனுக்காகச் சொன்ன பொய்யா, எனக்காகவா? எனக்கே தெரியவில்லை.

13 செப்டம்பர், சனி

கோச் அஸ்மான் பழம் வாங்கிக்கொண்டு அவனைப் பார்க்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொல்கிறார்: தடுப்பாட்டத்தில் முதலில் எழுதியதே உன் பெயர்தான், கேப்டனுக்கும் அப்போதே தெரியும் என்று காளிதாஸிடம் சொன்னாராம். பையன் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாராம்.

நல்ல மனுஷன். அவரை என்ன சொல்வது?

காளிதாஸ் போனை எடுக்கவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

பிரவீனா அக்கா கேட்டைத் திறக்காமலே, "தூங்குறான்பா" என்றார். உள்ளே டிவி சத்தத்தோடு அவன் இருமுவது கேட்டது.

4 அக்டோபர், சனி

முதல் ஆட்டம். ஒன்றுக்குச் சைபரில் ஜெயித்தோம்.

காளிதாஸ் வந்திருந்தான். எதிர் அணியின் கோலுக்குப் பின்னால், அக்கா போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திடலின் அந்தக் கோடி, முகம் தெரியவில்லை. வந்தானே, அது போதும் என்றிருந்தது. முதல் பாதி முழுக்க எனக்குப் பந்தைவிட அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். இனி அந்தக் கோல் என்னுடையது. என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே கையுறையை மாட்டியபடி நடந்தேன். நான் வருவதைப் பார்த்தான். அக்காவிடம் ஏதோ சொன்னான். ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்து எழுந்து, கோட்டை ஒட்டியே, நான் விட்டுவந்த கோலை நோக்கி நடக்க ஆரம்பித்தான். விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டது. அவன் இன்னும் பாதித் திடலைக்கூடத் தாண்டவில்லை. அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.