புகைமூட்டத்தில் ஒரு டிரையர்

14 செப்டம்பர் 1997, பண்டமாரான்
இன்றும் காட்டுத்தீப் புகைமூட்டம். எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. கொடியில் காய்ந்த சட்டையை இவர் போட்டதுமே இழுப்பு ஆரம்பித்துவிட்டது. துணியெல்லாம் புகை நாற்றம். துறைமுகக் கிடங்கு வேலைக்கு மறுபடியும் லீவு. இப்படியே போனால் மனுஷன் என்னத்துக்கு ஆவார்?

17 செப்டம்பர்
பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அண்ணன் துணி காயவைக்கும் தன் பழைய டிரையரை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "வெயில் சும்மாவே அடிக்குது, இதுக்குக் கரண்டு வேறயா?"
எங்கே அடிக்குது வெயில்? கேட்டேன்.

18 செப்டம்பர்
அதைப் போட்டால் ஹால் விளக்கு மங்குகிறது. கூடவே அயர்ன் பாக்ஸைப் போட்டேன், வீடே இருட்டாகிவிட்டது. மீட்டர் சக்கரம் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது. சுற்றட்டும். சட்டையில் புகை வாடை இல்லை, அது போதும்.
பின்னால் இருக்கும் பெரிய குழாயை ஜன்னல் வழியே வெளியே விட வேண்டுமாம். ஜன்னலைத் திறந்தால் புகை உள்ளே வராதா? நல்லா சொன்னார் அண்ணன்! குழாயை ஹாலிலேயே விட்டுவிட்டேன்.

23 செப்டம்பர்
மாரியம்மன் படக் கண்ணாடியில் முத்து முத்தாக நீர். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா பார்த்து அலறிவிட்டார். "ஐயோ சீதா, அம்மாளுக்கு வேர்க்குது! ஒன் வூட்டுக்காரர் நோவ அவ வாங்கிக்கிட்டா!"
உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அழுதேன்.

25 செப்டம்பர்
அம்மாளைப் பார்க்க வீடு நிறையப் பெண்கள். சூடம், சாம்பிராணி. அறைக்குள் இவர் இருமல் நிற்கவே இல்லை.

26 செப்டம்பர்
இவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. கிளினிக்கில் முகமூடி மாட்டி மருந்து கொடுத்தார்கள். பயந்தே போனேன். டாக்சியில் வரும்போது மெதுவாகக் கேட்டார். "கோவிச்சுக்காத சீதா. மெஷின் ஓடாத அன்னிக்கு அம்மாளுக்கு வேர்த்துச்சா?"
சாமி விஷயத்தில் விளையாட்டா? வாயை மூடிக்கிட்டு வாங்கன்னுட்டேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடி காய்ந்து கிடக்கிறது. டிரையரைப் போட்டேன். துணி காய்வதற்குள் படம் நனைந்துவிட்டது. சுவர் மூலையில் கருப்புப் பூஞ்சை வேறு. ஐயோ, துணித் தண்ணியெல்லாம் வூட்டுக்குள்ளயே அடைச்சு வச்சு, அந்த ஈரத்திலயா இவர மூச்சு விட வச்சேன்?

27 செப்டம்பர்
இராஜம்மா அக்கா சூடத்தட்டோடு வந்தார். சொல்லிவிட்டேன். "வேர்வை இல்லக்கா, டிரையர் ஆவி."
"மெஷின் வந்ததும் அம்மாளே பொய்யாயிட்டாளா லா?" தட்டோடு திரும்பிவிட்டார்.
தெருவே பேசும். பேசட்டும். இவர் மூச்சு எனக்கு முக்கியம். அம்மாளுக்குத் தெரியும் என் மனசு.
ஜன்னலைப் பலகையால் அடைத்து, ஓட்டை போட்டு, குழாயை வெளியே விட்டோம்.

10 நவம்பர்
புகை போய் இப்போது விடாத மழை. காலையில் இராஜம்மா அக்கா ஒரு வாளி ஈரத்துணியோடு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் காயல சீதா. ஒரு தடவ சுத்திக் குடேன்." வாங்கிப் போட்டேன்.
இவர் வேலைக்குக் கிளம்பினார். கேட்டில் நின்று பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூச்சு வாங்க எங்கேயும் நிற்காமல் நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி மனுஷன். நான் அங்கேயே நின்று அழுதேன்.