மாமாவின் முதலாம் ஷை

வெள்ளிக்கிழமை, இரவு.

எஸ்.ஏ.டி. பரீட்சையை எத்தனை தடவை எழுதினாலும் விரும்பிய புள்ளியை மட்டும் அனுப்பினால் போதும் என்றுதான் நான் விண்ணப்பிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் சொல்கிறது. எனக்கு இரண்டாம் தடவைதான் கூடுதல் புள்ளி வந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜும்ஆ முடிந்து சாப்பிட வந்த பெரிய மாமாவுக்கு, அதாவது உம்மாவின் காக்காவுக்கு, இருந்தது.

"ரெண்டாம் ஷையை ஏன் புள்ள வெளிய காட்டுறாய்? ஃபர்ஸ்ட் ஷை புள்ளியை அனுப்பு. அதுதான் மதிப்பு."

"அது குறைவு மாமா."

"குறைஞ்சாலும் ஒரே தரத்தில எடுத்தது!"

உயர்தரப் பரீட்சையை முதல் ஷையிலேயே, அதாவது முதல் தடவையிலேயே, பாஸ் பண்ணியவராம். அதற்குப் பிறகு எதையும் பாஸ் பண்ணியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனாலும் கல்முனைக்குடியில் எந்தக் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லாமல் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் சோற்றில் கை வைக்கமாட்டார். வாப்பாவோ "ஓம் மச்சான், ஓம் மச்சான்" என்று தலையாட்டினார்.

பின்னேரமே கூடிய புள்ளியை அனுப்பிவிட்டேன். இப்போது குடும்ப வாட்ஸ்அப்பைப் பார்த்தால், மாமா குறைந்த புள்ளியைப் போட்டிருக்கிறார்: "மருமகள் ஃபர்ஸ்ட் ஷையில எடுத்தது." கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். உம்மாவும் இதயம் போட்டிருக்கிறார்.

இனி இடம் கிடைத்தால், அந்தக் குறைந்த புள்ளிக்குத்தான் கிடைத்ததென்று ஊர் சொல்லும். கிடைக்காவிட்டால், இரண்டாம் தரம் எழுதியதால்தான் என்று மாமா சொல்வார்.